குனிஞ்சு பாருங்க, கிணத்துல தண்ணி இருக்கு!



இந்த வாரம் கதை இல்லை. கொஞ்சம் சண்டை போடப் போகிறேன். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், "நீங்க மட்டும் ஒழுங்கா?" என்று கேட்பீர்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் பொம்மை வீடு செய்யும் போட்டி நடந்தது. மூன்று நடுவர்களில் நானும் ஒருத்தி. ஹாலில் இருபதுக்கும் மேல் வீடுகள். நட்டநடுவில் ஒரு ரோஸ் கலர் மாளிகை. மூன்று மாடி, ஏறி இறங்கும் லிப்ட், சுவிட்சைத் தட்டினால் எரியும் விளக்கு, அடுப்படியில் குட்டிக் கரண்டி வரைக்கும் இருந்தது. கடையில் வாங்கிய பெட்டியைப் பிரித்து, மாட்டி, கொண்டுவந்து வைத்திருந்தார்கள். முதல் பரிசு அதற்குத்தான்.

கடைசி மேஜையில் ஒரு செருப்புப் பெட்டி வீடு. ஐந்தாம் வகுப்புச் சிறுமி செய்தது. "பாவம், எல்லாம் பழைய மூடியா இருக்கு" என்றார் நடுவர்களில் ஒருவர். ஆறுதல் பரிசு எழுதினோம். நான் வாயைத் திறக்கவே இல்லை. அதுதான் தப்பு.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது அந்தப் பெண் ஓடி வந்தாள். "ஆன்ட்டி, கிணத்தை எட்டிப் பாத்தீங்களா?" என்றாள். எந்தக் கிணறு? கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். செருப்புப் பெட்டிக்குப் பின்னால், கொல்லைப்புறத்தில், ஜோடி உடைந்துபோன கண்ணாடி வளையல்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி எழுப்பிய ஒரு கிணறு. "குனிஞ்சு பாருங்க" என்றாள். குனிந்தேன். அடியில் தண்ணீர் பளபளத்தது. தண்ணீரில் என் முகம்! அம்மாவுடைய பழைய காம்பேக்ட் பவுடர் டப்பாவின் வட்டக் கண்ணாடியைக் கிணற்றின் அடியில் வைத்திருந்தாள்.

அதற்குள் பரிசுப் பட்டியலை மைக்கில் வாசித்து முடித்துவிட்டார்கள்.

சரி, சண்டைக்கு வருகிறேன். கடையில் வாங்கிய பொம்மை வீட்டை வைத்து விளையாடுங்கள். யாரும் உங்களைத் தடுக்கப் போவதில்லை. ஆனால், அதைப் போட்டிக்குக் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தால் பரிசு கொடுக்காதீர்கள் என்று பெரியவர்களிடமும் சொல்கிறேன். ஏன் தெரியுமா? அந்த ரோஸ் மாளிகையின் நாற்காலியை நாம் ஒரு தடவைதான் பார்க்கிறோம். நாற்காலி, அவ்வளவுதான். அந்தக் கிணற்றையோ இரண்டு தடவை பார்க்கிறோம். முதலில் அது கிணறு. அப்புறம், 'அட, இது வளையலாச்சே!' என்று தோன்றுகிறது. திரும்பவும் பார்த்தால் மறுபடியும் கிணறு. இந்த இரண்டாவது பார்வைதான் பொம்மை வீட்டின் ருசியே. அதைக் கடையில் விற்பதில்லை.

'காசு இல்லாதவங்கதானே மூடியை ஒட்டிக்கிட்டு இருப்பாங்க' என்று சிலர் நினைக்கிறார்கள். நெதர்லாந்து நாட்டில், ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் மியூசியத்தில் ஒரு பொம்மை வீடு இருக்கிறது. 1686-க்கும் 1710-க்கும் இடையில், பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற பணக்காரப் பெண்மணி செய்ய வைத்தது. அதற்கு அவர் செலவழித்த காசில் அந்த ஊர்க் கால்வாய்க் கரையில் நிஜ வீடே வாங்கியிருக்கலாமாம்! அழகான வீடுதான், சந்தேகமில்லை. ஆனால் 'செய்ய வைத்தது' என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். செய்த கைகள் வேறு. நம் போட்டியில் கைக்குத்தானே பரிசு?

நம் ஊரில் இது புதுசும் இல்லை. கொலுப் படிக்குப் பக்கத்தில் பாட்டி 'பார்க்' வைப்பாரே, பார்த்திருக்கிறீர்களா? கேழ்வரகைத் தூவி முளைக்கவிட்டால் புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கப் போட்டு, ஓரத்தை மண்ணால் மறைத்தால் குளம். அந்தக் குளத்தைப் பார்த்து 'பாவம், பழைய கண்ணாடி' என்று யாராவது சொன்னார்களா?

அந்தச் சிறுமியின் கிணறு ஏன் நிஜக் கிணறு மாதிரியே இருந்தது என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். காரணம் கணக்கு! பொம்மை வீடு செய்பவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஓர் அளவு உண்டு. நிஜத்தில் ஓர் அடி இருப்பது, பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. நம் ராஷ்டிரபதி பவனை வடிவமைத்த லட்யென்ஸ், இங்கிலாந்து ராணி மேரிக்காக 1921 முதல் 1924 வரை ஒரு பொம்மை மாளிகை உருவாக்கினார். குழாயில் தண்ணீர் வரும், லிப்ட் ஓடும். அதுவும் இதே அளவுதான்.

இப்போது வளையலை எடுங்கள். வளையல் கடையில் 2.4, 2.6, 2.8 என்று சைஸ் சொல்வார்கள். இது தசமப் புள்ளி இல்லை குட்டீஸ்! 2.8 என்றால் இரண்டு அங்குலமும், பதினாறில் எட்டு பங்கும். ஆக இரண்டரை அங்குலம். பொம்மை உலகத்தில் அது இரண்டரை அடி. ஒரு சின்ன உறைகிணற்றின் வாய் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். 2015-ல் தோண்டத் தொடங்கிய கீழடி அகழாய்வில் உறைகிணறுகள் கிடைத்தன அல்லவா? சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியவை. அந்தப் பெண் கண்ணாடி வளையலால் செய்ததும் அதே வேலைதான்.

இந்த அளவைப் பிடித்துக்கொண்டால் போதும், வீட்டில் ஒவ்வொரு பொருளும் வேறு ஏதோ ஒன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். ஓர் அங்குல ஸ்டிக்கர் பொட்டு, பன்னிரண்டு அங்குலச் சாப்பாட்டுத் தட்டு. கால் அங்குலப் பொட்டு, அப்பளம். பல் உடைந்த சீப்பைப் படுக்கவைத்தால் மாடிக் கைப்பிடி, நிறுத்தினால் ஜன்னல் கம்பி. நெயில் பாலிஷ் மூடி பூ ஜாடி. லிப்ஸ்டிக் மூடியோ, வாசலில் குடை செருகி வைக்கிற நீளமான தொட்டி. பவுடர் பஃப்பைத் தரையில் போட்டால், பொம்மைத் தாத்தா சாய்ந்து உட்காரும் பெரிய திண்டு!

சமையலறைக்கு மேக்கப் சாமான் போல உதவி வேறில்லை. மைதா மாவையும் வெள்ளைப் பசையையும் பிசைந்து, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டையாக உருட்டி, தட்டி, ஊசியால் நடுவில் ஓட்டை போட்டால் வடை. காய்ந்த பிறகு வெளுத்துப் போய் நோயாளி வடை மாதிரி இருக்கும். அக்காவின் தேதி முடிந்த பழுப்பு நிற ஐ ஷேடோவைத் தூரிகையில் தொட்டு, ஓரத்தில் மட்டும் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி ஆகிவிடும். தோசைக்கும் இதே வைத்தியம். நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு தொட்டு வைத்தால் குலோப் ஜாமூன்மீது பாகு மினுமினுக்கும். (தின்றுவிடாதீர்கள். எங்கள் வீட்டு எறும்புகள்கூட ஏமாந்தன.)

அக்காவின் ஐ ஷேடோ என்றேன் அல்லவா? கேட்டு எடுங்கள். நமக்குத் தீர்ந்துபோனதாகத் தெரிகிற லிப்ஸ்டிக், அவர்களுக்கு இன்னும் ஒரு மாதம் வரும். கேட்காமல் மூடியைக் கழற்றிக்கொண்டு போய், பிறகு நடக்கும் பூஜைக்கு நான் பொறுப்பில்லை. கண்ணாடியை டப்பாவிலிருந்து பெயர்ப்பதையும் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். விளிம்பு கையைக் கிழிக்கும்.

நெயில் பாலிஷில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது, பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சின்ன வயதில் தெர்மகோலில் ஒரு வீடு செய்து, சுவருக்கு அரக்கு நிற நெயில் பாலிஷ் பூசினேன். பூசப் பூசச் சுவர் உள்ளே போனது! சிறிது நேரத்தில் எலி கடித்த பணியாரம் மாதிரி ஆகிவிட்டது. நெயில் பாலிஷில் இருக்கும் கரைப்பான் திரவம் தெர்மகோலைக் கரைத்துவிடும். தெர்மகோல்மீது முதலில் காகிதம் ஒட்டிக் காயவிட்டு, அதன்மேல் போஸ்டர் கலர் அடியுங்கள். பாலிஷ் சட்டென்று தீப்பற்றும் பொருள் என்பதால், கொலு விளக்குக்குப் பக்கத்தில் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

அடுத்து, 'எதை எடுத்தாலும் பத்து ரூபாய்' கடை. எனக்குப் பிடித்த இடம். பலகையில் பத்து என்று இருக்கும், உள்ளே போனால் இருபதும் முப்பதும் சொல்வார்கள், அது கிடக்கட்டும். அங்கே டீ வடிகட்டியைக் கவிழ்த்தால் கிளிக்கூண்டு. ஓட்டை வைத்த சோப்பு டப்பா, பொம்மைப் பாப்பாவின் கட்டில். ஆனால் ஒன்று. அந்தக் கடையில் பொம்மை சாமான் வைத்திருக்கும் வரிசைக்குப் போகாதீர்கள். பாத்திரம், ஹேர் கிளிப், தையல் சாமான் இருக்கும் வரிசைக்குப் போங்கள். பையில் ஒரு ஆறு அங்குல ஸ்கேல் இருக்கட்டும். கையில் எடுத்ததை அளந்து, பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் காசை எடுங்கள்.

மூடிக்காகப் புது நெயில் பாலிஷ் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு குட்டி ஜாடிக்காக ஒரு பாட்டில் பாலிஷை வீணாக்கினால், ரோஸ் மாளிகைக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? ஏற்கெனவே வீட்டில் சாகக் கிடப்பதற்குத்தான் மறுபிறவி. பத்து ரூபாய்க் கடைக்கு, வீடு முழுக்கத் தேடியும் கிடைக்காத ஒன்றிரண்டு பொருளுக்காக மட்டும் போகலாம்.

அங்கே மினுக் மினுக் என்று எரியும் குட்டி எல்.இ.டி. விளக்குகளும் தொங்கும். பொம்மை வீட்டில் வைத்தால் அழகுதான். அதற்குள் இருப்பது பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி. தம்பிப் பாப்பா அதை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விளையாட்டுப் பேச்சு இல்லை இது. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட உடனே பெரியவர்களிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பேட்டரி மூடியை ஸ்குரூ போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம்.

மறுபடியும் போட்டிக்கு வருகிறேன். போன வருஷம் வேறொரு பள்ளியில் நடுவராகக் கூப்பிட்டார்கள். வருகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றேன். ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் நடுவர்கள் நின்று, செய்த பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இது முன்னால என்னவா இருந்துச்சு?" பதில் சொல்லச் சொல்லத்தான் மார்க். முதலில் தயங்கினார்கள், அப்புறம் சரி என்றார்கள். அன்றைக்கு ஹாலில் இருந்த சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! ஒருவன் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தாத்தாவின் தைல டப்பா என்று சொல்லி, மோந்து பார்க்கவும் வைத்தான். அப்பா செய்து கொடுத்த வீட்டைக் கொண்டுவந்த பையன் மட்டும் ரொம்ப நேரம் பேசாமல் நின்றான். கடைசியில், "வாசல்ல இருக்கற மிதியடி மட்டும் நான் செஞ்சேன். தீப்பெட்டி ஓரத்துச் சொரசொரப்பு" என்றான். அந்த மிதியடிக்கு நான் நிறைய மார்க் போட்டேன்.

கிணறு செய்த பெண் இப்போது பத்தாம் வகுப்பு. அதே தெருப் பக்கம்தான் வீடு. போன மாதம் மார்க்கெட்டில் பார்த்தபோது, பையைத் துழாவி எதையோ எடுத்து நீட்டினாள். காய்ந்துபோன மஸ்காரா பிரஷ். "இது என்னன்னு சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள்.

"பாட்டில் கழுவற பிரஷ்" என்றேன்.

"அதுக்கு இவ்ளோ நீளக் காம்பா?"

"சவுக்கு மரம்?"

இல்லையென்று தலையாட்டிவிட்டுச் சிரித்தாள். "ஒட்டடைக் குச்சி! எங்க வீட்ல கதவுக்குப் பின்னால சாத்தி வெச்சிருக்கேன். செருப்புப் பெட்டின்னாலும் ஒட்டடை அடிக்கணும்ல?"