யார் முதுகில் விழுகிறது இந்தக் கலகம்?

'எழுத்தாளன்னா எதையும் சொல்லலாம் தோழர், அதுதான் கலகம்' என்கிறார் நண்பர். பிரெஞ்சு நாவலாசிரியர் மிஷேல் வெல்பெக்கைப் பற்றித்தான் பேச்சு. சொல்லட்டும், யார் வேண்டாமென்றது? யாரைப் பார்த்துச் சொல்றார்ங்கறதுதான் என் கேள்வி.

படிக்காமல் திட்டுகிற ஆள் நானில்லை. ஆங்கிலம் வழியாகப் படித்தேன். 1994இல் வந்த முதல் நாவலில், சந்தை படுக்கையறை வரைக்கும் வந்துவிட்டது, காசில் தோற்றவனைப்போல உடம்பிலும் தோற்றவன் இருக்கிறான் என்று காட்டினார். உண்மைதான். விவசாயப் பட்டம் வாங்கி, வேலையில்லாமல் கிடந்து, நாடாளுமன்றத்தில் கணிப்பொறி பார்த்த மனுஷனுக்கு அந்த வலி தெரிந்திருக்கிறது. 2019இல் 'செரோடோனின்' நாவலில் நார்மண்டிப் பால் விவசாயிகள் அழிவதை எழுதியபோதும் தெரிந்தது. தோற்றவர்களைப் பார்க்கத் தெரியாதவர் இல்லை. அதனால்தான் கோபமே வருது.

2001இல் 'பிளாட்ஃபார்ம்'. தாய்லாந்துக்கு உடம்பு வாங்கப் போகிற ஐரோப்பியர்கள் கதை. விற்கிற பெண்ணின் மனசில் என்ன ஓடுகிறது என்பதில் கதைசொல்லிக்கு அக்கறையில்லை. அதே வருஷம் ஒரு பேட்டியில், மதங்களிலேயே முட்டாள்தனமானது இஸ்லாம் என்றார். வழக்கு நடந்தது, 2002இல் விடுதலை. மதத்தை இகழ்வது வேறு, அதன் மக்களை இகழ்வது வேறு என்றது நீதிமன்றம். சரியான தீர்ப்பு. மதத்தைத் திட்டினால் சிறை என்று வந்தால் முதலில் உள்ளே போவது நாமாகத்தான் இருப்போம்.

'அடிபணிதல்' என்று பொருள்படும் 'சூமிஸ்ஸியோன்' வெளியான 2015 ஜனவரி 7 அன்றுதான் ஷார்லி எப்தோ அலுவலகத்தில் கொலைகள் நடந்தன. 2022இல் ஒரு முஸ்லிம் பிரான்சின் குடியரசுத் தலைவராகிறார் என்பது கதை. சம்பளத்துக்கும் சின்ன வயசுப் பெண்டாட்டிகளுக்கும் ஆசைப்பட்டு மதம் மாறத் துணியும் சோர்போன் பேராசிரியரைத்தான் அது கிண்டலடிக்கிறது என்கிறார்கள். ஒத்துக்கொள்கிறேன். பேராசிரியர்களை இன்னும் நாலு போடு போட்டிருக்கலாம்.

ஆனால் நிஜமான 2022 வந்தது. தத்துவக்காரர் மிஷேல் ஓன்ஃப்ரேயோடு நடத்திய உரையாடலில், முஸ்லிம்கள் தங்களோடு கலக்க வேண்டுமென்று பிரெஞ்சுக்காரர்கள் விரும்பவில்லை, திருடுவதையும் தாக்குவதையும் நிறுத்தட்டும், இல்லையென்றால் போகட்டும் என்கிற அர்த்தத்தில் பேசினார். இதில் மதம் எங்கே இருக்கு? அல்ஜீரியாவிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் வந்து தொழிற்சாலையிலும் கட்டட வேலையிலும் முதுகொடிந்தவர்களின் பிள்ளைகள் மொத்தப்பேரும் திருடர்கள்! 1871இல் இங்கே குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டவனும் இதைத்தான் சொன்னான். இருபது வருஷத்துக்கு முன்னால் நீதிமன்றம் கிழித்த கோட்டை இவரே தாண்டிவிட்டார். பாரிஸ் பெரிய பள்ளிவாசல் வழக்குக்குக் கிளம்பியதும், 2023 ஜனவரியில் அதன் தலைவரைச் சந்தித்து அந்த வரிகளைத் திருத்த ஒத்துக்கொண்டார்.

2010இல் கொன்கூர் பரிசு. 2019இல் லெஜியன் தொனர். அரசாங்கம் கூப்பிட்டு நெஞ்சில் பதக்கம் குத்திவிட்ட கலகக்காரர்!

நண்பர் 'சூமிஸ்ஸியோன்' வரைக்கும் படித்திருக்கிறார். அந்த உரையாடலையும் படிச்சிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.