டயரோடு வாஷரையும் மாற்றுங்கள்

புது டயருக்கு விலை பேசி முடித்து, காரை ஜாக்கியில் ஏற்றிய பிறகுதான் அந்தக் கேள்வி வரும். "சென்சார் சர்வீஸும் சேர்த்துப் பண்ணிரலாங்களாண்ணா? வீலுக்குக் கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஆகும்." மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கோ சேலத்துக்கோ போய் டயர் மாற்றுகிறவர்களில் பலர், தலையில் மிளகாய் அரைக்கிறார்கள் என்று நினைத்து, "அதெல்லாம் வேண்டாம், டயரை மட்டும் போடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். நைட்ரஜன், பாலிஷ் என்று பில் நீண்டுகொண்டே போகிற இடத்தில் அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கடைக்காரர் பேச்சில் பாதி சரி. சர்வீஸ் செய்துகொள்ளலாம், செய்துகொள்ளவும் வேண்டும். சென்சாரையே மாற்றச் சொன்னால் மட்டும் காரணம் கேட்க வேண்டும்.

சக்கரத்துக்கு உள்ளே, வால்வின் அடியில், தீப்பெட்டியை விடச் சிறியதாக ஒரு கருவி உட்கார்ந்திருக்கிறது. காற்றழுத்தத்தை அளந்து ரேடியோ அலையில் டேஷ்போர்டுக்கு அனுப்புவது அதன் வேலை. அது ரிம்மில் நிற்பதற்கு ஒரு ரப்பர் வாஷர், ஒரு நட்டு, ஒரு வால்வு பின், ஒரு மூடி வேண்டும். வெயிலும் மழையும் பிரேக் சூடும் நான்கைந்து வருடம் பட்டால் அந்த ரப்பர் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம்கூட விழாத அளவுக்கு இறுகிவிடும். அதே வாஷரைத் திரும்பப் போட்டால் புது டயரிலிருந்து வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று இறங்கும். பஞ்சர் என்று தேடினால் ஆணியும் இருக்காது, ஓட்டையும் இருக்காது. கேஸ் சிலிண்டர் மாற்றும்போது வாஷரைப் பார்க்கிற வீட்டில், கார் டயருக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு?

வால்வு பின்னிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அலுமினிய வால்வு உள்ள சென்சாருக்கு நிக்கல் பூசிய பின்தான் போட வேண்டும். பஞ்சர் கடை டப்பாவில் கிடக்கும் பொன்னிறப் பித்தளைப் பின்னைத் திருகிவிட்டால், ஈரம் பட்டதும் அலுமினியம் அரிபட்டு, இரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை பின்னைக் கழற்றப் போனால் வால்வே முறிந்து கையோடு வரும். பளபளவென்று மாட்டுகிற உலோக மூடியும் இதே வேலையைச் செய்யும். பிளாஸ்டிக் மூடியே போதும். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது அப்போது ஆயிரக்கணக்கில் போய் நிற்கும்.

சரி, சென்சாரை எப்போது மாற்றுவது? அதன் பேட்டரி பிசின் ஊற்றி மூடப்பட்டது. தனியாக மாற்ற முடியாது. பொதுவாக 5 முதல் 10 வருடம் உழைக்கும். நம் ஊர் ஓட்டத்தில் ஒரு செட் டயர் நான்கைந்து வருடம் வரும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. முதல் தடவை டயர் மாற்றும்போது வாஷர், நட்டு, பின், மூடி அடங்கிய கிட் போதும். இரண்டாவது தடவை சென்சாருக்கு எட்டு, ஒன்பது வயது ஆகியிருக்கும். அப்போது மாற்றிவிடுவதே லாபம். பழையவற்றையே விட்டுவைத்து ஆறு மாதத்தில் அவை ஒன்றொன்றாகக் கண்ணை மூடினால், ஒவ்வொரு தடவையும் டயரைப் பிரிக்கவும் பேலன்சிங் செய்யவும் தனித்தனியே கூலி அழ வேண்டும். மூன்று வருட வண்டிக்கு நான்கு சென்சாரையும் மாற்றச் சொல்கிறவரிடம் தாராளமாகச் சண்டை போடலாம்.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்பவர்கள் காரின் பின்பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020 ஜூலையில் ஒரு திருத்தம் வந்தது. டியூப்லெஸ் டயர், பஞ்சர் ஒட்டும் கிட், காற்றழுத்த எச்சரிக்கைக் கருவி ஆகியவை இருந்தால், 3.5 டன் வரையிலான வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றது அது. இன்று மின்சாரக் கார்கள் சில ஸ்டெப்னி இல்லாமலே ஷோரூமை விட்டு வெளியே வருகின்றன. அதாவது ஸ்டெப்னி செய்த வேலையில் ஒரு பங்கு இந்தச் சென்சாரின் தலையில் விழுந்திருக்கிறது. ராத்திரி ரயிலுக்கு ஆளை ஏற்றிவிட்டு மொரப்பூர் ஸ்டேஷனிலிருந்து அரூர் பக்கம் திரும்புகிறவருக்கு, வழியில் டயர் உட்கார்ந்தால் அந்த நேரத்தில் எந்தப் பஞ்சர் கடை திறந்திருக்கும்? ஸ்டெப்னியை எடுத்துக்கொண்ட கம்பெனிகள், சென்சார் கிட்டின் விலையையாவது சர்வீஸ் புத்தகத்தில் அச்சடித்துக் கொடுத்திருக்கலாம்.

இந்தக் கருவி அமெரிக்காவில் கட்டாயமானதன் பின்னணி கொடுமையானது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடும்போதே மேல்தோல் உரிந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் உருண்டன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பிஎஸ்ஐ. காற்றுக் குறைவும் பாரமும் வேகமும் வெயிலும் சேர்ந்தால் டயர் உள்ளுக்குள் வெந்துபோகும். டெக்சாஸ், அரிசோனா, ஃபுளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில்தான் சாவு அதிகம். அதே ஆண்டு நவம்பரில் சட்டம் வந்தது. 2007 செப்டம்பரிலிருந்து அங்கு விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் இந்த எச்சரிக்கை விளக்கு இருந்தாக வேண்டும்.

தர்மபுரி மாவட்டத்துச் சித்திரை வெயிலை அறிந்தவர்களுக்கு டெக்சாஸ் உதாரணம் தேவைப்படாது. தொப்பூர் கணவாய் விபத்துகளை டயர் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. அங்கே பெரும்பாலும் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகள்தான் எமன். ஆனால் முன்னால் லாரி குறுக்கே வரும்போது சட்டென்று ஒடித்துத் திருப்ப வேண்டிய காருக்கு, நான்கு டயரிலும் காற்று சரியாக இருப்பது சின்ன விஷயமில்லை.

சென்சார் இருக்கிறதே என்று காற்றே பார்க்காமல் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும். 32 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயர் 24க்கு இறங்கிய பிறகு விளக்கு எரிந்தாலும் அந்த விதிக்கு அது சரிதான்! மாதம் ஒரு முறை காலையில், வண்டி ஓடுவதற்கு முன், கையில் கேஜ் பிடித்துப் பார்ப்பதற்கு மாற்று கிடையாது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ ஏறும். மொரப்பூரிலிருந்து தர்மபுரி வரை ஓட்டி, உச்சி வெயிலில் பங்க்கில் 33 வைத்துக்கொண்டு திரும்பினால், மறுநாள் விடியற்காலை அது 30க்குக் கீழே நிற்கும்.

இனி கடைக்காரர்களுக்கு. எல்லாக் காரிலும் சக்கரத்துக்குள் சென்சார் கிடையாது. டாடா நெக்ஸானில் உள்ளது போன்ற மறைமுக முறையில், ஏபிஎஸ் கருவி சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்து எந்த டயரில் காற்று குறைகிறது என்று ஊகிக்கும். அங்கே கழற்ற வாஷரும் இல்லை, மாற்ற பேட்டரியும் இல்லை. டயர் மாற்றிக் காற்று நிரப்பியதும் மெனுவில் ரீசெட் செய்தால் வேலை முடிந்தது. அப்படிப்பட்ட காருக்கும் "சென்சார் சர்வீஸ்" என்று ஒரு வரி பில்லில் ஏறினால், இல்லாத சாமானுக்குப் பணம் வாங்குகிறார்கள் என்று அர்த்தம். ஹூண்டாய் கிரெட்டாவின் மேல் மாடல்களைப் போல ஒவ்வொரு டயரின் அழுத்தத்தையும் எண்ணாகக் காட்டும் கார்களில்தான் பெரும்பாலும் உள்ளே சென்சார் இருக்கும்.

உள்ளே இருக்கிறது என்று உறுதியானால், டயரைப் பிரிப்பதற்கு முன்பே நான்கு சென்சாரும் வேலை செய்கின்றனவா என்று கருவி வைத்துப் பார்த்து, வண்டிக்காரரிடம் காட்டிவிட வேண்டும். டயர் பிரிக்கும் மெஷினின் இரும்பு நாக்கு வால்வுப் பக்கம் தவறி இறங்கினால் சென்சார் நொறுங்கும். முன்கூட்டிப் பார்க்காத கடையில், அது ஏற்கெனவே செத்துக் கிடந்ததா, மெஷினில் உடைந்ததா என்ற வாய்ச்சண்டை ஒரு நாளும் தீராது. கழற்றிய பழைய வாஷர்களையும் பின்களையும் ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்து, பில்லில் கிட்டுக்கு ஒரு வரி, கூலிக்கு ஒரு வரி என்று எழுதிவிட்டால் போதும். மொரப்பூர்க்காரர் அடுத்த செட் டயருக்கும் அதே கடைக்குத்தான் வருவார்.