வளையலுக்கு ஓர் அளவு, இதற்கும் ஓர் அளவு



வளைகாப்புக்கு வளையல் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "பொண்ணுக்கு என்ன சைஸ்?" என்றுதான். "ரெண்டு ஆறு" என்பார் அம்மா. "மாசமா இருக்கிற பொண்ணுன்னா கை கொஞ்சம் பூசினாப்பல இருக்கும்மா, ரெண்டு எட்டா எடுத்துக்குங்க" என்று அவரே ஒரு டஜனை எடுத்து வைப்பார். அதே வாரம் டெய்லரிடம் ரவிக்கை போகும். "உள்ளே துணி விட்டுத் தைங்க, அப்புறம் பிரிச்சுக்கலாம்" என்று சொல்லி அனுப்புவோம். கர்ப்பிணியின் மணிக்கட்டுக்கும் தோளுக்கும் இவ்வளவு கவனமாக அளவு பார்க்கிற வீட்டில், அடுத்த ஒரு வருஷம் இரவும் பகலும் அவள் உடம்போடு ஒட்டிக் கிடக்கப்போகிற ஒன்றுக்கு மட்டும் யாரும் டேப்பைக் கையில் எடுப்பதில்லை.

ஃபீடிங் பிராவைத்தான் சொல்கிறேன்.

போன மாதம் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். எட்டாவது மாதம் நடக்கிறதாம். முன்பு 34 போட்டவர். இப்போது 38 வாங்கியும் மேலே பிதுங்குகிறது. முதுகுப் பக்கமோ தொளதொளவென்று கழுத்தை நோக்கி ஏறுகிறது. "எனக்கு மட்டும் ஏன் எந்த சைஸும் சேர மாட்டேங்குது? என் உடம்பு அவ்வளவு கெட்டுப்போச்சா?" என்று முடித்திருந்தார். அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு வேறு வேலை ஓடவில்லை எனக்கு.

ஏனென்றால் அதே 38-ஐ நானும் வாங்கியிருக்கிறேன். முதல் பிரசவத்துக்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஓர் இளைஞர். பக்கத்தில் நிற்கிறவர்கள் காதில் விழாதபடி என் அளவைச் சொன்னேன். வயிற்றைப் பார்த்துவிட்டு, "38 சரியா இருக்கும்" என்று பாக்கெட்டைப் பையில் போட்டுவிட்டார். போட்டுப் பார்க்க இடமில்லை. வாங்கினால் மாற்றித் தர மாட்டார்கள். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் பால் இறங்கியபோது அந்தப் பிரா தாங்க வேண்டிய பாரத்தையெல்லாம் இரண்டு தோள்பட்டிகள் மட்டும் தாங்கின. தோளில் சிவப்பாக வாய்க்கால் வெட்டினாற்போல் இரண்டு கோடுகள். குளிக்கும்போது வெந்நீர் பட்டால் எரியும். பிள்ளை பெற்றால் இதெல்லாம் சகஜம் என்று நானே நினைத்துக்கொண்டேன். அது சகஜமே இல்லை, தோழிகளே. தப்பான அளவு, அவ்வளவுதான்.

34, 36, 38 என்கிற எண் மார்பின் அளவு என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த எண் உடம்பைச் சுற்றி வரும் பட்டிக்கு உரியது. மார்பின் பருமனைச் சொல்வது அதன் பக்கத்தில் இருக்கும் ஏ, பி, சி, டி என்ற எழுத்து, அதாவது கப். பல கடைகளில் பி கப் மட்டும்தான் இருக்கும். சில பாக்கெட்டுகளில் எழுத்தே இருக்காது. அதனால் மார்பு பெருத்தால் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறோம். எண் கூடினால் கப்பும் கொஞ்சம் பெரிதாகும், உண்மைதான். 36 பி-யும் 34 சி-யும் கொள்ளளவில் ஒன்றுதான். ஆனால் பட்டி தளர்ந்துவிடும். பிராவில் பாரத்தைத் தாங்குவது முக்கியமாகப் பட்டிதான். அது தளர்ந்தால் பின்னால் மேலே ஏறும், முன்னால் மார்பு கீழே இறங்கும், சுமை தோளுக்கு வரும். வாசகியின் 38 மேலே பிதுங்கியதற்கும் முதுகில் ஏறியதற்கும் காரணம் ஒன்றுதான்: பட்டி பெரிது, கப் சிறிது.

சரியான அளவைக் கண்டுபிடிக்க வீட்டில் இருக்கும் தையல் டேப் போதும். கூட ஓர் ஆள் வேண்டும், அம்மாவோ அக்காவோ வீட்டுக்காரரோ. முதுகில் டேப் சரிந்திருந்தால் நமக்கே தெரியாது. மூச்சை வெளியே விட்டு, மார்புக்கு நேர் கீழே டேப்பைச் சுற்றி, இறுக்காமல் ஆனால் சரியாகப் படியும்படி பிடித்து ஓர் அளவு. பிறகு மென்மையான பழைய பிராவோடு, மார்பு எடுப்பாக இருக்கும் இடத்தில் தளர்வாகச் சுற்றி இன்னோர் அளவு. முதல் அளவை இரட்டைப்படை எண்ணாக்கினால் பட்டி. அதற்கும் இரண்டாவது அளவுக்கும் வித்தியாசம் ஓர் அங்குலம் என்றால் ஏ, இரண்டு பி, மூன்று சி, நான்கு டி. வாசகியிடம் அளந்து எழுதச் சொன்னேன். கீழே 35, மேலே 40 என்று வந்தது. பட்டி 36, வித்தியாசம் 4. அவருக்கு வேண்டியது 36 டி. இரண்டு மார்பும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரியதற்கு ஏற்ற கப்பை எடுங்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். நம் ஊரில் விற்கும் சில பிராண்டுகள் கீழ் அளவோடு நாலைந்து அங்குலம் கூட்டித்தான் பட்டி எண்ணைப் போடுகின்றன. ஆகவே "நான் 36 டி" என்று ஓர் அளவை மனப்பாடம் செய்து பயனில்லை. அளந்த இரண்டு எண்களையும் போனில் குறித்துக்கொண்டு, அந்தந்தப் பாக்கெட்டின் பின்னால் உள்ள அட்டவணையோடு ஒத்துப் பாருங்கள். வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பினாலும் இதே இரண்டு எண்களைக் கொடுத்து அனுப்பலாம்.

எப்போது வாங்குவது? இங்கேதான் பணம் வீணாகிறது. வளைகாப்புச் சீரோடு சேர்த்து ஐந்தாறாக வாங்கி அடுக்கிவிடுகிறோம். உடம்போ இந்த ஒரு வருஷத்தில் மூன்று நான்கு முறை மாறும். முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே மார்பு கனத்து வலிக்கும். அப்போது கம்பியில்லாத சாதாரணப் பிராவில் ஒரு கப் கூட்டினால் போதும். ஹூக்கை உள்வரிசையில் மாட்டினால் சரியாக இருப்பதை எடுங்கள். மாதம் ஏற ஏற வெளிவரிசைக்கு நகர்த்திக்கொள்ளலாம். கருப்பை மேலே ஏறும்போது விலா எலும்புக்கூடும் கொஞ்சம் விரியும். பிரசவத்துக்குப் பிறகு அது மெல்லப் பழையபடி சுருங்கும். எனவே எட்டு, ஒன்பதாம் மாதத்தில் ஃபீடிங் பிரா வாங்கும்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: கடைசி, தளர்ந்த ஹூக்கில் சரியாக இருக்க வேண்டும், பின்னால் இறுக்கிக்கொள்ள இடம் மிஞ்ச வேண்டும். பட்டிக்குள் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் வேண்டாம். கப்பில் மட்டும் கொஞ்சம் தாராளம் இருக்கட்டும். பால் இறங்குவதற்கும், கசிவுக்கு வைக்கும் பேடுக்கும் அந்த இடம் தேவைப்படும். இப்போதைக்கு இரண்டு வாங்கினால் போதும்.

பிள்ளை பிறந்து இரண்டிலிருந்து ஐந்து நாளுக்குள் சீம்பால் மாறிப் பால் இறங்கும்போது மார்பு கல்லாய்க் கனக்கும். அந்த வாரத்துக்கு எந்த எண்ணும் எழுத்தும் சரிவராது. நன்றாக இழுபடும், ஹூக்கில்லாத, தூங்கும்போது போடுகிற மென்மையான பிரா ஒன்று இருந்தால் அந்த நாட்கள் ஓடிவிடும். ஆறு வாரம் போல ஆனதும் சுரப்பு பிள்ளையின் தேவைக்கேற்ப அமையும். அன்றைக்கு மறுபடி டேப்பை எடுங்கள். மீதியை அப்போது வாங்குவதுதான் புத்திசாலித்தனம். உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, பையில் ஒன்று என மூன்று கைவசம் இருந்தால் சமாளிக்கலாம். பால்குடி மறக்கடித்த பிறகு இன்னொரு தரம் அளக்க வேண்டியிருக்கும்.

இறுக்கமான பிராவைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். கம்பியோ, தையல் விளிம்போ, கப்பின் ஓரமோ ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் அங்கே பால் தேங்கிக் கட்டிக்கொள்ளலாம். முதல் சில வாரங்களுக்குக் கம்பி வைத்தது வேண்டவே வேண்டாம். இரவில் கழற்றும்போது கண்ணாடியில் பாருங்கள். லேசான தடம் சீக்கிரம் மறைந்துவிடும். அழுத்தமாகப் பதிந்து, தொட்டால் வலிக்கிற கோடு என்றால் அளவு தப்பு. அதற்காக ஒன்றுமே போடாமல் இருந்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். மார்பு அழற்சி பற்றி அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்ற மருத்துவர்கள் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சரியாகப் பொருந்தித் தாங்கும் பிராவை அணியச் சொல்கிறது. கட்டியை அழுத்திப் பிசையக் கூடாது, குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம் என்கிறது. கட்டி கரையட்டும் என்று கண்ணில் நீர் வரப் பிசைந்துவிடும் பாட்டிமார் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். அன்போடு கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். மார்பு சிவந்து காய்ச்சலும் குளிரும் வந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். பால் கொடுப்பதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

"நாங்கள்லாம் இதையா போட்டுக்கிட்டிருந்தோம்? பிள்ளை வளரலையா?" என்று மாமியார் கேட்பதாகவும் வாசகி எழுதியிருந்தார். அந்த அம்மாவின் கேள்வியில் நியாயம் உண்டு. என் பாட்டி கடைசி வரை முன்பக்கம் முடிச்சுப் போடும் ரவிக்கைதான் அணிந்தார். காலையில் குளித்துவிட்டு வந்து, இரண்டு முனைகளையும் இழுத்து, ஒரு தரம் முறுக்கி, மார்புக்குக் கீழே முடிவார். அதற்குச் சைஸ் கிடையாது. பால் இறங்கின நாளில் முடிச்சைத் தளர்த்தலாம், பால் வற்றினால் இழுத்து முடியலாம். பிள்ளை அழுதால் ஒரு கையால் அவிழ்க்கலாம். அந்த ரவிக்கை தினமும் உடம்புக்குத் தக்கபடி மாறியது. இன்று நாம் அணிவது அப்படி மாறாது; அதனால்தான் நாம் மறுபடி மறுபடி அளக்க வேண்டியிருக்கிறது. மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவரே டேப்பைப் பிடிக்க வருவார்.

அந்த ஒற்றைக் கை விஷயம் மிக முக்கியம். வாங்குமுன் ஒரு தலையணையையோ மடித்த துண்டையோ இடது கையில் பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டு, வலது கையால் மட்டும் கிளிப்பைத் திறந்து மூடிப் பாருங்கள். பிறகு கை மாற்றியும் பாருங்கள். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015-ல் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள், நல்ல காரியம். ஆனால் பிள்ளை அந்த அறை வரும் வரைக்கும் காத்திருக்குமா? ஓடுகிற பேருந்தில், முந்தானைக்குள், பார்க்காமலே விரல் கண்டுபிடிக்கிற கிளிப்தான் நல்ல கிளிப். கப்பைத் திறந்தால் வாசல் அகலமாக இருக்க வேண்டும். சின்ன வட்டமாக இருந்தால் அதன் விளிம்பே மார்பை நெரிக்கும்.

துணி பருத்தியாக, கொஞ்சம் இழுபடுவதாக இருக்கட்டும். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் வேறொன்றும் ஒத்து வராது. துவைத்ததைத் துண்டுக்கு அடியில் ஒளித்து உலர்த்தும் பழக்கத்தை விட்டுவிடுவோமே! ஈரம் காயாத துணியில் பூஞ்சை வரும், காம்பில் புண்ணிருந்தால் வேதனை கூடும். கசிவு பேடையும் நனைந்ததும் மாற்றுங்கள். பிள்ளையின் கோமணத்துக்குக் கொடுக்கிற வெயிலைத் தாயின் பிராவுக்கும் கொடுத்தால் போதும்.

ஒல்லியாக இருக்கும் பெண்களிடம், "இந்த மார்புல எங்கே பால் வரப்போகுது" என்று சொல்லிவிடுகிறார்கள். 34 ஏ போடுகிற தாயும் 38 டி போடுகிற தாயும் பிள்ளைக்கு வயிறாரக் கொடுக்க முடியும். மார்பின் பருமனைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கொழுப்பு. பால் சுரப்பது சுரப்பித் திசு. இதைச் சத்தமாகச் சொல்லுங்கள், அந்தப் பெண்ணின் காதில் விழும்படி.

இன்னொருத்தியையும் நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பிள்ளை தங்காமல் வெறுங்கையோடு வீடு திரும்பியவள். அவளுக்கும் மூன்றாம் நாள் பால் இறங்கும். அவளுடைய மார்பும் கனக்கும், நனையும். மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது பாலை வற்றச் செய்கிறது என்று 1988-ல் மருத்துவ ஆய்வே வெளிவந்திருக்கிறது. ஆனால் துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள், வலியும் கட்டும் கூடத்தான் செய்யும். தாங்கிப் பிடிக்கும், நெரிக்காத பிரா ஒன்றையும் சில பேடுகளையும் அவள் கேட்காமலே வாங்கிக் கொடுங்கள். அவள் வாய்விட்டுக் கேட்க மாட்டாள்.

வாசகியின் இரண்டாவது கடிதம் முந்தாநாள் வந்தது. 36 டி தேடி நான்கு கடை ஏறி இறங்கினாராம். நாலாவது கடையில் ஒரு பெண் ஊழியர் உள்ளே அழைத்துப்போய், கதவைச் சாத்தி, தானே அளந்து, இரண்டைப் போட்டுப் பார்க்கக் கொடுத்தாராம். "அக்கா, முதுகு நிமிர்ந்து நடந்தேன்" என்று எழுதியிருக்கிறார்.

உங்கள் ஊரில் அப்படி ஒரு கடை இருக்கிறதா? அளந்து பார்க்கப் பெண் ஊழியரும், போட்டுப் பார்க்க ஓர் அறையும், பி-யைத் தாண்டிய கப்புகளும் இருக்கும் கடை. ஊர்ப் பெயரோடு எழுதி அனுப்புங்கள். மாவட்ட வாரியாகத் தொகுத்து அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்