பட்டன் எங்கே போச்சு?

2020 ஆகஸ்ட் 11 அன்று வேர்ட்பிரஸ் 5.5 வெளிவந்தது. அப்டேட் பொத்தானை அழுத்திய பல தளக்காரர்களுக்கு அதிர்ச்சி. முகப்பில் ஓடிக்கொண்டிருந்த படங்கள் நின்றுபோயின. மெனுவைத் தொட்டால் விரியவில்லை. 2013 முதல் கூடவே வந்துகொண்டிருந்த 'ஜேக்வெரி மைக்ரேட்' என்ற சிறு கோப்பை வேர்ட்பிரஸ் நிறுத்தியதுதான் காரணம். ஜேக்வெரி கைவிட்ட பழைய கட்டளைகளுக்கு அதுவரை முட்டுக்கொடுத்து நின்றது அந்தக் கோப்புதான். முட்டு நிற்பதே தெரியாமல் ஏழு வருடம் குடியிருந்திருக்கிறார்கள்! கடைசியில் அதைத் திரும்பக் கொண்டுவர வேர்ட்பிரஸ் குழுவே ஒரு பிளக்இன் வெளியிட வேண்டியதாயிற்று.

ஜான் ரெசிக் 2006இல் வெளியிட்ட ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி, அனிமேஷனை ஒற்றை வரி வேலையாக்கியது. அந்த வரிகளை எழுதியவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். வரிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

லைப்ரரியை மாற்றியதும் கன்சோலில் சிவப்பில் பிழை வந்தால் அது நல்ல சகுனம். எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று அதுவே சொல்லிவிடும். முதல் பிழையைத்தான் பார்க்க வேண்டும். அது அங்கேயே ஸ்கிரிப்டை நிறுத்திவிடுவதால், கீழே இருக்கும் ஸ்லைடர் ஒரு பாவமும் அறியாமல் கிடக்கும்.

பிழையே காட்டாமல் கெடுப்பவைதான் ஆளை அலைக்கழிக்கும். 'டாகிள்' நல்ல உதாரணம். முன்பு அதற்கு இரண்டு ஃபங்ஷன்களைக் கொடுத்தால், முதல் கிளிக்கில் ஒன்றும் அடுத்த கிளிக்கில் மற்றொன்றும் ஓடும். 2013 ஜனவரியில் வந்த 1.9 பதிப்பு இந்த வசதியை நீக்கியது. ஆனால் அதே பெயரில், ஒரு பொருளைக் காட்டவும் மறைக்கவும் இன்னொரு டாகிள் இருந்தது. அது அப்படியே தொடர்ந்தது. விளைவு விசித்திரமானது. பழைய வரியைப் புதிய ஜேக்வெரி 'இதை மறை' என்று படித்துக்கொள்கிறது. பக்கம் திறந்ததும், யாரும் தொடாமலே, பட்டன் 400 மில்லிசெகண்டில் சுருங்கி மறைகிறது. கன்சோலில் ஒரு சொல் கிடையாது. சிஎஸ்எஸ்ஸில்தான் கோளாறு என்று நினைத்து அங்கே நாள்கணக்கில் தேடுபவர்களைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு வகை, கோப்பையே மாற்றி எடுத்துவிடுவது. 3.0 முதல் ஜேக்வெரிக்கு 'ஸ்லிம்' என்ற மெலிந்த வடிவம் உண்டு. அதில் ஏஜாக்ஸும் அனிமேஷனும் இல்லை. பூட்ஸ்டிராப் 4 தன் மாதிரிப் பக்கத்தில் அதைத்தான் வைத்திருந்தது. அதை அப்படியே நகலெடுத்தவர்களுக்கு 'அனிமேட் என்பது ஃபங்ஷன் அல்ல' என்ற செய்திதான் மிச்சம். தீம் ஒரு ஜேக்வெரியையும் பிளக்இன் ஒரு ஜேக்வெரியையும் ஏற்றினாலும் இதே கதிதான். பின்னால் வந்தது முன்னதை மூடிவிடும். முன்னதோடு ஒட்டியிருந்த ஈசிங் நீட்டிப்புகளும் காணாமல் போகும்.

ஜேக்வெரி குழுவே சறுக்கிய கதையும் உண்டு. 2011இல் 1.6 பதிப்பு, அனிமேஷன் சீராக ஓட பிரவுசரின் 'ரெக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம்' வசதிக்கு மாறியது. டேப் பின்னால் போனால் அது நின்றுவிடும். ஆனால் படம் மாற்றச் சொல்லும் டைமர் நிற்காது. திரும்பி வந்து பார்த்தால் தேங்கிய படங்கள் எல்லாம் ஒரே மூச்சில் பறக்கும். 1.6.3இல் அதைக் கழற்றினார்கள். 2016இல் 3.0 வந்தபோதுதான் மறுபடி சேர்த்தார்கள்.

பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். ஆனால் 2020 ஏப்ரலில் வந்த 3.5.0 அடைத்த பாதுகாப்பு ஓட்டை, அதற்கு முந்தைய பதிப்புகளில் திறந்தே கிடக்கிறது. முன்னேறுவதற்கு வழி மைக்ரேட்தான், அதுவும் சுருக்கப்படாத வடிவம். எந்தக் கட்டளை காலாவதி என்று கன்சோலில் அது எச்சரிக்கும். சுருக்கிய வடிவம் வாய் திறக்காது. 1.9க்கும் முந்தைய குறியீடு என்றால் முதலில் மைக்ரேட் 1, அதன் எச்சரிக்கைகள் தீர்ந்தபின் மைக்ரேட் 3.

இத்தனையும் சரியாக இருந்தும், ஒரே ஒரு வாடிக்கையாளரின் கணினியில் மட்டும் ஸ்லைடு நகராமல் சட்டென்று மாறினால் அவருடைய விண்டோஸ் அமைப்பைப் பார்க்கலாம். அங்கே அனிமேஷனை அணைத்து வைத்திருப்பார். பூட்ஸ்டிராப் 3 அதைக் கண்டுகொள்ளாது. 5 மதித்து நடக்கும்.