நலம் பேணுவோம்: துவாரம் சிறிது, கவனம் பெரிது

பித்தப்பைக் கல், குடல்வால் அழற்சி முதலிய நோய்களுக்கு வயிற்றைக் கிழித்துத் திறந்து சத்திர சிகிச்சை செய்த காலம் ஒன்றுண்டு. இன்று அவற்றைப் பெரும்பாலும் மூன்று நான்கு சிறு துவாரங்களின் வழியே, லாப்பராஸ்கோப் என்னும் குழற்கருவி கொண்டு செய்துவிடுகின்றனர். இம்முறையில் பித்தப்பையை அகற்றும் சிகிச்சையை இந்தியாவில் முதன்முதலாக 1990-ஆம் ஆண்டில் பம்பாய் ஜே. ஜே. மருத்துவமனையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா செய்தார். நோவு குறைந்தது, பல நாட் படுக்கை ஓரிரு நாளாகச் சுருங்கிற்று.

ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. சிறிதாயிருப்பது தோலிலுள்ள துவாரமே. உள்ளே நடந்தது பெரிய சிகிச்சைதான். முன்பு ஒரு வாரம் செவிலியர் கண்காணித்து வந்ததை இப்போது வீட்டாரே கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

சிகிச்சையின்போது வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்துவர். அதனால் உதரவிதானம் உறுத்தப்பட்டுத் தோள்பட்டையில் நோவு காணும். இரண்டு மூன்று நாளில் தணியும். துவாரங்களைச் சுற்றிய வலியும் களைப்பும் இயல்பே. இவற்றுக்கு அஞ்ச வேண்டா. நேற்றைவிட இன்று நலமாக இருக்க வேண்டும் என்பதே விதி. தேறி வந்தவர் மீண்டும் நலிவாராயின், அதுவே முதல் எச்சரிக்கை.

அரிதாக நேரும் கேடுகள் சில. மின்வெப்பக் கருவி பட்டுக் குடலில் ஏற்படும் நுண்ணிய காயம் சில நாள் கழித்தே வெளிப்படலாம். வயிறு உப்பும், வலி மிகும், வாந்தியும் நாடித் துரிதமும் காணும், ஜுரம் இல்லாமலும் இருக்கக்கூடும். பித்தநீர் கசிந்தாலும் வலியும் ஜுரமும் வரும். பித்தக் குழாய் அடைபட்டால் கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும். துவாரத்தருகே புடைப்புத் தோன்றி, வாந்தியுடன் காற்றும் பிரியாதிருந்தால் குடல் அங்கே சிக்கியிருக்கலாம். ஒரு காலின் ஆடுசதை வீங்கி நோவதும், திடீர் மூச்சுத் திணறலும் மார்வலியும் இரத்தக் கட்டியின் அறிகுறிகள். ஆறிய துவாரம் சில வாரங்களுக்குப் பின் கட்டியாகி நீர் கசியுமானால், காசநோய்க் கிருமிக்கு இனமான வேறொரு கிருமி காரணமாக இருக்கலாம். வழக்கமான மருந்துகளுக்கு அது கட்டுப்படாது. கசிவைச் சோதிக்க வேண்டும்.

வயிறு உப்பினால் வாயுத் தொல்லை என்று பெருங்காயமும் ஓமநீரும் கொடுத்துக் காலம் கடத்துவது நம் வீடுகளில் வழக்கம். இத்தருணத்தில் அது பேராபத்து. விடியட்டும் என்றும் காத்திருக்கலாகாது.

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு மற்றொரு சங்கடமும் உண்டு. சிகிச்சைக்காக மகன் வீடு வந்த தாய்க்கு டாக்டரின் மொழி தெரியாது. மருமகளுக்குத் தொந்தரவு தரவும் மனம் வராது. "வலிக்கிறதா, அம்மா?" என்றால் "இல்லை" என்றே சொல்வார். "நேற்றைவிட இன்று கூடவா, குறைவா?" என்று கேளுங்கள், உண்மை வெளிவரும். நாள்தோறும் வலி, ஜுரம், உணவு, மலம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

எந்த டாக்டரிடம் சென்றாலும், சிகிச்சை நடந்து எத்தனை நாள், எப்போதிலிருந்து நிலை மோசமாயிற்று என்னும் இரண்டையும் முதலில் சொல்லுங்கள். சிகிச்சை செய்த டாக்டர் மறுமுறை பார்த்து அனுமதிக்கும் முன் ஊருக்கு இரயிலேற வேண்டா. ஏறும்போது ஆஸ்பத்திரி அளித்த குறிப்பின் பிரதி கைப்பையிலேயே இருக்கட்டும்.

இக்கேடுகள் சிலருக்கே நேர்பவை. காலத்தில் கண்டால் பெரும்பாலும் தீர்க்கக்கூடியவை. வீண் அச்சம் வேண்டா. பொறுத்துப் பார்ப்போம் என்னும் பழக்கமும் வேண்டா.