மெருகேற்றிய ஸ்கேனுக்குச் சான்று வேண்டும்

யட்டவத்தயில் ஒருவருக்கு சி.டி. ஸ்கேன் தேவை என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால், மாத்தளைக்கோ கண்டிக்கோ பஸ் ஏற வேண்டும். அன்றைய கூலியும் போய்விடும். அவ்வளவு சிரமப்பட்டு எடுக்கும் படம் பார்வைக்குத் தெளிவாக இருந்தால் மட்டும் போதாது. உடலில் உள்ள எதுவும் அதில் விடுபட்டிருக்கக் கூடாது. நிறமாலை சி.டி. இயந்திரங்களையும் அவற்றின் இரைச்சல் நீக்கும் மென்பொருள்களையும் வாங்கும்போது சுகாதார அமைச்சு விட்டுக்கொடுக்கக் கூடாத நிபந்தனை இது.

சாதாரண சி.டி., எக்ஸ்ரே கதிரின் எல்லாச் சக்திகளையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்கிறது. நிறமாலை சி.டி. அவற்றைப் பிரித்துப் பார்க்கிறது. அதனால் கல்சியம் எது, அயடின் எது என்று சொல்ல முடிகிறது; சிறுநீரகக் கல் மருந்தால் கரையக்கூடிய யூரிக் அமிலக் கல்லா என்றும் அறிய முடிகிறது. எக்ஸ்ரே கதிரின் ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணி இப்படிச் சக்தி பிரிக்கும் முதல் முழு உடல் சி.டி. இயந்திரத்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 செப்டெம்பரில் அனுமதி வழங்கியது.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. ஒரே அளவு கதிரை நான்கு சம பங்காகப் பிரித்தால், ஒவ்வொரு பங்கின் படத்திலும் மணல் தூவியதுபோன்ற இரைச்சல் இரு மடங்காகும். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நான்கு மடங்கு கதிர் வேண்டும். நோயாளியின் உடலில் அதைச் செலுத்த எந்த வைத்தியரும் சம்மதிக்க மாட்டார். ஆகவே கணிதம் கைகொடுக்கிறது: எந்தச் சக்தியில் எடுத்தாலும் ஈரலின் விளிம்பு ஒரே இடத்தில்தான் இருக்கும் என்பதால், எல்லாப் படங்களையும் சேர்த்து ஆராய்ந்து இரைச்சலைக் களைகிறார்கள்.

யட்டவத்த அமைந்துள்ள மாத்தளை மாவட்டத்துக்கு இது தேவையான தொழில்நுட்பம்தான். இதே மாவட்டத்தின் வில்கமுவ, காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்ட பகுதி. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அயடின் மருந்தேற்றி ஸ்கேன் எடுக்க வைத்தியர்கள் தயங்குகிறார்கள். நிறமாலை சி.டி. தரும், 40 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்ற குறைந்த சக்தி அளவிலான படத்தில் அயடின் மிகப் பிரகாசமாகத் தெரியும். இரைச்சலும் அங்கேதான் அதிகம். அதைக் குறைத்தால் அயடினைப் பாதியளவுக்குக் குறைக்க முடியும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரைச்சல் நீக்கத்தின் பயன் நோயாளிக்கு இப்படித்தான் வந்து சேர வேண்டும். மினுமினுக்கும் படத்தைக் காட்டி விலையை ஏற்றுவதற்கு அது உதவக் கூடாது.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. இரைச்சலை நீக்கப் பயன்படும் நரம்பு வலையமைப்பு மென்பொருள் தான் பயின்ற படங்களைப் போலவே எல்லாவற்றையும் திருத்தப் பார்க்கும். ஆய்வாளர் வேகார்ட் அன்டுன் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, உள்ளீட்டில் கண்ணுக்குப் புலப்படாத சிறு மாற்றம்கூட படங்களை மீளமைக்கும் நரம்பு வலையமைப்பு மென்பொருளின் படத்தைக் குலைக்கலாம், சிறிய கட்டமைப்பு மாற்றங்கள் மறைந்துபோகலாம் என்று காட்டியது. மறைந்துபோவது ஈரலின் சிறு கட்டியாக இருந்தால், படம் பளிச்சென்று இருப்பதாலேயே யாருக்கும் சந்தேகம் எழாது.

எனவே இரைச்சல் நீக்காத படமும் நீக்கிய படத்துடன் சேர்த்தே சேமிக்கப்பட வேண்டும். கேள்விப்பத்திரத்தில், சிறிய, மங்கலான கட்டிகளைக் கண்டுபிடிக்கும் திறனைச் சோதித்த முடிவுகளைக் கேட்க வேண்டும். மருத்துவ இயற்பியல் கற்பிக்கும் பேராதனைப் பல்கலைக்கழகம் அச்சோதனையை இங்கேயே செய்யலாம். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிக்கிறது; படத்தின் நம்பகத்தன்மையையும் ஒருவர் கவனிக்க வேண்டும். மருத்துவ உபகரணங்களைப் பதிவுசெய்யும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, இந்த மென்பொருள்களையும் ஒவ்வொரு புதிய பதிப்பின்போதும் பரிசோதிக்க வேண்டும்; முடிவுகளை வைத்தியசாலைகளுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் அனுப்ப வேண்டும்.