சிங்கம் பார்க்கப் போகிறீர்களா?

‘ஆறு இரவு, ஏழு பகல். மாசாய் மாரா, செரெங்கெட்டி, ங்கொரொங்கொரோ. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை... ஐந்தையும் அருகில் பார்க்கலாம். கூடவே நம்மூர் சமையல்காரர் வருவார். தயிர் சாதம் நிச்சயம்!’

இந்த மாதிரி விளம்பரங்களை இப்போதெல்லாம் அடிக்கடி பார்க்கிறோம். சிங்கப்பூர், மலேசியா, துபாய் எல்லாம் பார்த்து முடித்துவிட்ட நம் நடுத்தர வர்க்கத்தின் அடுத்த ஸ்டாப், கிழக்கு ஆப்பிரிக்கா. நல்லதுதான். மிருகக்காட்சி சாலைக் கம்பிக்குள் தூங்கி வழியும் சிங்கத்தைவிட, புல்வெளியில் நடக்கும் சிங்கத்தைக் குழந்தைகள் பார்ப்பது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால், அந்த விளம்பரப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் புல். ஒற்றை வேலமரம். பின்னால் சூரியன். முன்னால் மிருகங்கள். ஒரு மனுஷன்கூட இல்லை!

அந்த மனுஷன் எங்கே போனான்? இதுதான் என் கேள்வி.

*

சஃபாரி என்றால் நம்மூரில் முதலில் ஞாபகம் வருவது, ரிடையர்டு ஆபீசர்கள் போடும் சஃபாரி சூட். உண்மையில் அது ஸ்வாஹிலி மொழிச் சொல். பயணம் என்று அர்த்தம். இந்திப் பாட்டில் வரும் ‘சஃபர்’ இருக்கிறதே, அதற்கும் இதற்கும் ஒரே அரபு வேர்.

இந்தப் பயணத்தை உல்லாசமாக மாற்றியவர்கள் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள். 1909-ல் அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கிய கையோடு, தியோடர் ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். மியூசியத்துக்கு மாதிரி சேகரிக்கிறேன் என்று சொல்லி, அவரும் அவர் மகனுமாகச் சுட்டுத் தள்ளிய மிருகங்கள் 512. விளம்பரங்களில் வரும் ‘பிக் ஃபைவ்’ என்ற பட்டியலும் வேட்டைக்காரர்களுடையதுதான். நடந்துபோய்ச் சுட்டு வீழ்த்துவதற்கு மிக ஆபத்தான ஐந்து மிருகங்கள் என்று அர்த்தம். துப்பாக்கி போய் கேமரா வந்துவிட்டது. பட்டியல் மட்டும் அப்படியே இருக்கிறது.

வேட்டைக்காரர்கள் வந்தபோது அந்தப் புல்வெளியின் பெரும்பகுதி மாசாய் இன மக்களுடைய மேய்ச்சல் நிலம். செரெங்கெட்டி என்பதே அவர்கள் மொழிச் சொல்லிலிருந்து வந்ததுதான். முடிவில்லாமல் விரியும் நிலம் என்று பொருள். ங்கொரொங்கொரோ? மாட்டின் கழுத்து மணிச் சத்தத்தை வைத்து வந்த பெயர் என்று சொல்வார்கள். ங்கொரோ... ங்கொரோ... சொல்லிப் பாருங்கள்.

எரிமலை இடிந்து விழுந்து உண்டான, சுமார் 600 மீட்டர் ஆழமுள்ள அந்தப் பெரும் பள்ளத்துக்குள் இன்று டூரிஸ்ட் ஜீப்புகள் வரிசை கட்டி இறங்கலாம். மாடு இறங்கத் தடை!

*

எப்படி நடந்தது இது?

1890-களில், நம் கிராமங்களில் ‘வெக்கை நோய்’ என்று சொன்ன மாட்டுக் கொள்ளைநோய், கிழக்கு ஆப்பிரிக்காவில் மாட்டு மந்தைகளை வாரிக்கொண்டு போனது. மாடு செத்ததும் பஞ்சம். கூடவே அம்மை. மாசாய்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். காலனி ஆட்சி காலூன்றியபோது அதன் அதிகாரிகள் பார்த்தது, பாதி காலியாகிக் கிடந்த நிலத்தை. ஆளே இல்லாத ஆதிகாலக் காடு என்று முடிவு கட்டிவிட்டார்கள். இழவு வீட்டுக்குள் நுழைந்து, ‘அட, இங்கே யாரும் குடியில்லையே!’ என்று சொன்ன கதை.

1951-ல் டாங்கனிகாவின் ஆங்கிலேய அரசு செரெங்கெட்டியை தேசியப் பூங்கா ஆக்கியது. 1958-ல் மாசாய் பெரியவர்கள் 12 பேரை ஓர் ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க வைத்தார்கள். செரெங்கெட்டியை விட்டு நாங்கள் வெளியேறுகிறோம் என்று பத்திரம். அந்தப் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவர்களா அந்தப் பெரியவர்கள் என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

1959-ல் பக்கத்திலேயே ங்கொரொங்கொரோ பாதுகாப்புப் பகுதி உருவானது. 8,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். இங்கே மனிதர்களும் மாடுகளும் விலங்குகளும் சேர்ந்து வாழலாம் என்பது ஏற்பாடு. விலங்குகளின் நலனும் மனிதர்களின் நலனும் மோதினால் மனிதர்களுக்குத்தான் முன்னுரிமை என்று அன்றைய ஆங்கிலேய கவர்னரே மாசாய்களிடம் வாக்குக் கொடுத்தார்.

வாக்கு என்ன ஆனது? 1975-ல் விவசாயம் செய்யத் தடை. அப்புறம் இங்கே மேய்க்காதே, அங்கே மேய்க்காதே என்று ஒவ்வொன்றாக. 2022 ஜூன் முதல், சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி ஹண்டேனி மாவட்டத்தில் உள்ள ம்சொமேரா கிராமத்துக்குக் குடிபெயர்ப்பு. ‘விருப்பப்பட்டவர்கள்தான் போகிறார்கள்’ என்கிறது டான்சானியா அரசு. ‘பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்த பணத்தை நிறுத்தினால் விருப்பம் தானாக வந்துவிடுமே’ என்கிறார்கள் மாசாய்கள். 2024-ல் வெளியான ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது.

அதே 2024-ல், இந்தக் கிராமங்களை அரசாங்கப் பட்டியலிலிருந்தே நீக்கும் உத்தரவு வந்தது. ஆகஸ்ட் மாதம் ஆயிரக்கணக்கான மாசாய்கள் டூரிஸ்ட் வண்டிகள் போகும் ரோட்டில் வந்து நின்றார்கள். நாங்கள் இங்கேதான் இருக்கிறோம், பாருங்கள் என்று. சில நாளில் கோர்ட் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது.

லோலியோண்டோ கதை இன்னும் மோசம். செரெங்கெட்டியை ஒட்டிய மேய்ச்சல் நிலம் அது. 2022 ஜூனில் அதில் 1,500 சதுர கிலோமீட்டரைத் தனியாகப் பிரித்து, எல்லைக்கல் நட போலீஸ் வந்தது. எதிர்த்தவர்கள் மீது கண்ணீர்ப் புகை, துப்பாக்கிச் சூடு. ஒரு போலீஸ்காரர் அம்பு பட்டு இறந்தார். பலருக்குக் குண்டுக் காயம். காயம்பட்டவர்கள் எல்லை தாண்டி கென்யாவுக்கு ஓடினார்கள். சரி, விலங்குகளைக் காப்பாற்றத்தானே இவ்வளவும்? அங்கேதான் வேடிக்கை. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் அரச குடும்பத்தோடு தொடர்புள்ள ஒரு வேட்டை நிறுவனத்துக்கு அந்தப் பகுதியில் 1992-லிருந்தே உரிமம் உண்டு. மாடு புல் தின்றால் இயற்கைக்கு ஆபத்து. ஷேக் மான் சுட்டால் இயற்கைப் பாதுகாப்பு!

*

“அட போங்க சார், லீவுக்குப் போற இடத்துலகூட அரசியலா? ஜனத்தொகை பெருகிட்டே போனா மிருகம் எங்கே போகும்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒதுக்கிவிட முடியாது.

1959-ல் ங்கொரொங்கொரோவில் சுமார் 8,000 பேர் இருந்தார்கள். பிறகு அது ஒரு லட்சத்தை நெருங்கியது. மாடுகள், ஆடுகள் அதிகம். புல் போதவில்லை. மறுக்கவில்லை. மாசாய்கள் ஒன்றும் தேவதூதர்களும் இல்லை. சிங்கத்தைக் கொன்றால்தான் வீரன் என்று நினைத்த காலமும் அவர்களிடம் உண்டு.

ஆனால், சில விஷயங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொதுவாகக் காட்டு மிருகத்தின் கறியைச் சாப்பிடாத வழக்கமுள்ளவர்கள் மாசாய்கள். செல்வம் என்றால் மாடு, உணவு என்றால் பால். வில்டபீஸ்ட் என்று டி.வி.யில் பார்த்திருப்பீர்களே, மாடும் மானும் கலந்த மாதிரி தாடி வைத்துக்கொண்டு ஆற்றில் குதிக்குமே, அது 1960-களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சம்தான் இருந்தது. மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு வெக்கை நோயை விரட்டியதும், 1970-களின் கடைசியில் 13 லட்சம் ஆனது. மாட்டின் ஆரோக்கியமும் காட்டு மிருகத்தின் ஆரோக்கியமும் அப்படிப் பின்னிக் கிடக்கின்றன.

இன்னொன்று. நம் ஊரில் வயலில் ஆட்டுக் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். தென்மேற்கு கென்யாவில் மாசாய்களுக்கும் முந்தைய மேய்ப்பர்கள், மூவாயிரம் வருஷத்துக்கும் முன்னாலிருந்து பட்டி போட்ட இடங்களை ஆராய்ந்து, 2018-ல் ‘நேச்சர்’ இதழில் விஞ்ஞானிகள் எழுதினார்கள். அந்த மண்ணில் இன்றைக்கும் சத்து கூடுதல். அங்கே நல்ல புல். அந்தப் புல்லைத் தேடித்தான் காட்டு மிருகங்கள் வருகின்றன. ஆக, மனுஷன் கை படாத இயற்கை என்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் புல்வெளியில், மேய்ப்பனின் கையும் மாட்டின் சாணமும் இருக்கிறது.

சரி, மனிதர்களை வெளியேற்றிவிட்டு உள்ளே விட்ட டூரிஸ்ட் என்ன செய்கிறார்? மாசாய் மாராவில் சிவிங்கிப்புலிகளை ஆராய்ந்து 2018-ல் வந்த முடிவு இது: டூரிஸ்ட் கூட்டம் குறைவான இடத்தில் ஒரு தாய் சராசரியாக இரண்டுக்கு மேற்பட்ட குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. கூட்டம் அதிகமான இடத்தில்? 0.2. அதாவது, ஐந்து தாய்களுக்கு ஒரு குட்டி! 2025 ஜூலையில் செரெங்கெட்டியில் எடுத்த வீடியோ ஒன்று உலகம் முழுக்கச் சுற்றியது. வில்டபீஸ்ட் கூட்டம் ஆற்றைக் கடக்கும் இடத்தில், டூரிஸ்ட்டுகள் வண்டியை விட்டு இறங்கிக் கரையை அடைத்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். இறங்க வழியில்லாமல் தவிக்கின்றன மிருகங்கள்.

மாசாய் பையன் மாட்டோடு அங்கே நின்றால் அத்துமீறல். நாம் ஐபோனோடு நின்றால் சுற்றுலா.

*

இந்த அநியாயத்தில் இந்தியாவுக்கும் ஒரு கிளைக்கதை உண்டு. மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டிலிருந்து 24 கிராமங்களை, பெரும்பாலும் சஹாரியா பழங்குடிகளை, 2003-க்குள் வெளியேற்றினார்கள். குஜராத் சிங்கங்களுக்கு இன்னொரு வீடு வேண்டும் என்று காரணம். ஜனங்கள் போனார்கள். சிங்கம் வரவில்லை. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டே உத்தரவு போட்டும் வரவில்லை. காலியான அந்த இடத்துக்குத்தான் 2022-ல் நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள் விமானத்தில் வந்து இறங்கின. கேமராக்கள் அதைப் பார்த்தன. அந்த 24 கிராமத்து ஜனங்களைப் பார்த்த கேமரா எத்தனை?

*

அப்படியானால் போகவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. டூரிஸ்ட் பணம் நின்றால் மிருகத்துக்கும் ஆபத்து, மக்களுக்கும் கஷ்டம். 2020-ல் கொரோனா வந்தபோது அதையும் பார்த்தோம். போவது தப்பில்லை. எதையும் கேட்காமல் போவதுதான் தப்பு.

வேறு வழி இருக்கிறது. கென்யாவில் மாசாய் மாரா ரிசர்வுக்கு வெளியே, மாசாய் குடும்பங்கள் தங்கள் நிலங்களைச் சேர்த்துச் சமூகக் காப்பகங்களாக நடத்துகின்றன. நிலம் அவர்கள் பேரில். டூரிஸ்ட் கேம்ப்புகள் குத்தகைப் பணம் கட்டுகின்றன. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் குத்தகை கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஓலாரே மோடோரோகி என்ற காப்பகத்தில் 700 ஏக்கருக்கு ஒரு டென்ட் என்று கணக்கு. ஒரு சிங்கத்தைச் சுற்றி முப்பது ஜீப் நிற்கும் கூத்து அங்கே நடக்காது. முறை வைத்து மாடும் மேயும். குறைகள் இல்லாமல் இல்லை. பத்திரம் பெரும்பாலும் ஆண்கள் பேரில் இருப்பதால் பெண்கள் கைக்குப் பணம் போவதில்லை. மேய்ச்சல் கட்டுப்பாடு பற்றிச் சண்டையும் உண்டு. ஆனால், அது நிலத்துக்குச் சொந்தக்காரன் போடும் சண்டை. துரத்தப்பட்டவனின் அழுகை இல்லை.

மாசாய் மாரா ரிசர்வில் இப்போது ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டுக்காரருக்கு நுழைவுக் கட்டணமே ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 டாலர். நம் பணத்தில் பதினேழாயிரம் ரூபாய்க்கும் மேல். பத்து ரூபாய் கத்தரிக்காய்க்குப் பத்து கேள்வி கேட்கிறவர்கள் நாம். இவ்வளவு பணத்துக்கு மூன்று கேள்வி கேட்கக் கூடாதா?

டிராவல் ஏஜென்டிடம் கேளுங்கள். ஒன்று: நாங்கள் தங்கப்போகும் கேம்ப் யார் நிலத்தில் இருக்கிறது? இரண்டு: அந்த நிலத்துக்காரருக்குக் குத்தகை எவ்வளவு போகிறது, யார் கையில் போகிறது? மூன்று: அங்கே இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

மூன்றாவது கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியாது. பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அவர் நைரோபிக்கோ அருஷாவுக்கோ போன் போட்டு விசாரிப்பார். நூறு பேர் கேட்டால், அங்கே இருக்கிற முதலாளி யோசிப்பார். ஆயிரம் பேர் கேட்டால் அரசாங்கத்துக்கும் காது கேட்கும். காசு கொடுக்கிறவன் கேட்கும் கேள்விக்கு மட்டும்தான் அந்தத் தொழிலில் மரியாதை.

தயிர் சாதம் கிடைக்குமா என்பதை நான்காவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.